அலர்ட் பே உமிஸ்டா: கண்ணாடிப் பெட்டி இல்லாத அருங்காட்சியகம்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள அலர்ட் பேக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள். வான்கூவர் தீவின் வடபகுதியிலுள்ள போர்ட் மெக்னீலில் ஃபெரி ஏறினால் முக்கால் மணி நேரம்தான். வழியில் ஓர்கா திமிங்கலம் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், படாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சின்னத் தீவில் இறங்கிக் கடலோரமாக நடந்தால் வருகிற உமிஸ்டா பண்பாட்டு மையத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் வான்கூவர் நகரத்தை ஒட்டிய பர்னபியில் சமையலறை அலமாரி செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் மரத்தை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் போகும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போகும் முன் கொஞ்சம் கதை தெரிந்திருப்பது நல்லது. குவாக்வாலா மொழி பேசும் இந்தப் பகுதிப் பூர்வகுடி மக்களுக்குப் பாட்லாட்ச் என்பது பெயர் சூட்டல், கல்யாணம், துக்கம், பதவி எல்லாவற்றையும் ஊரறியச் செய்கிற சடங்கு. விருந்து வைக்கிறவர்தான் வந்தவர்களுக்குப் பொருள் கொடுப்பார்; வாங்கிக்கொண்டவர் நடந்ததற்குச் சாட்சி. "நம்ம மொய்யைத் தலைகீழாப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் அம்மா. எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

கனடா அரசு 1885 முதல் 1951 வரை இதைச் சட்டப்படி தடை செய்திருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் மறைவாக ஒரு பெரிய பாட்லாட்ச் நடத்தினார். செய்தி அரசு முகவர் வில்லியம் ஹாலிடேயின் காதுக்குப் போய்விட்டது. 45 பேர்மீது வழக்கு. குற்றம் என்னவென்றால், பேசியது, ஆடியது, பரிசுகளை எடுத்துக் கொடுத்தது! ஊரே சேர்ந்து பாட்லாட்ச் முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். ஒப்படைக்காதவர்களை ஓக்கல்லா சிறைக்கு அனுப்பினார்கள். முதல் தடவை என்றால் இரண்டு மாதம், மறுபடி என்றால் மூன்று.

ஓக்கல்லா எங்கள் பர்னபியில்தான் இருந்தது. 1991-ல் மூடிவிட்டார்கள். நான் சாயங்காலம் நடக்கப் போகிற டீர் ஏரிக்கு மேலே, இப்போது வரிசை வீடுகள் இருக்கிற சரிவு அது. ஆடியதற்காக ஆட்களை அங்கே அடைத்தார்கள் என்பது அந்தப் பக்கம் நடக்கிற எத்தனை பேருக்குத் தெரியுமோ.

வாங்கிய பொருள்களை ஹாலிடே ஊர்த் தேவாலய மண்டபத்தில் பரப்பி, காசு வாங்கிக்கொண்டு காட்டினார். ஒரு பங்கை நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேக்கு விற்றார். மீதி ஒட்டாவாவுக்குப் போனது. அங்கே பூர்வகுடி விவகாரத் துறைத் தலைவராக இருந்த டங்கன் கேம்பல் ஸ்காட் சிலவற்றைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். மனிதர் பெயர்பெற்ற கவிஞரும் கூட.

சரி, உள்ளே போவோம். முன்னால் மையத்தின் கடையும் மற்றக் காட்சிகளும் இருக்கின்றன. அவை நன்றாகவே இருந்தாலும் வேகமாகக் கடந்துவிடலாம். பின்னால் இருக்கிற கூடம்தான் விஷயம். பாரம்பரியப் பெரிய வீட்டின் அமைப்பில் பருத்த சீடர் மரத் தூண்களும் உத்தரங்களும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மீட்ட பொருள்களுக்குக் கண்ணாடி கிடையாது. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தவற்றை மறுபடி அடைக்க வேண்டாம் என்று ஊரார் எடுத்த முடிவு அது. பாட்லாட்சில் எது எப்போது வெளியே வருமோ, ஏறக்குறைய அந்த வரிசையில் நிற்கின்றன. எந்த நூற்றாண்டு, எந்தப் பாணி என்ற கணக்கெல்லாம் இங்கே இல்லை. சுவரில் முகமூடியின் அழகைப் பற்றிய விளக்கத்தைத் தேடினேன். கிடைத்தது அதிகாரிகள் எழுதிய கடிதங்களும் ஊர்ப் பெரியவர்களின் பேச்சும். ஆட்டத்தை ஒழிக்க என்ன செய்யலாம் என்று அரசாங்கமே கைப்பட எழுதியது, பறித்த பொருளுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

நான் அதிக நேரம் நின்றது பாட்லாட்சில் ஆடுகிற ஹமாட்சா என்ற ஆட்டத்தின் பறவை முகமூடிகள் முன்னால். ஒரு கை நீளத்துக்கும் மேலான அலகு. கீழ்த்தாடை தனித் துண்டு. கீல் போட்டு, உள்ளே கயிறு விட்டிருக்கிறார்கள். ஆடுகிறவர் கயிற்றை இழுத்து விட்டால் அலகு 'டக்' என்று அடித்து மூடும். இத்தனை நீளத்தைத் தலையில் சுமந்து குந்தி, துள்ளி ஆட வேண்டும் என்பதால் உள்பக்கத்தைக் குடைந்து எடை குறைத்திருக்கிறார்கள். வெளியில் செதுக்கியவனின் கைத்திறன் எல்லாருக்கும் தெரியும். குடைந்தவனின் கணக்கு எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். விளிம்பிலிருந்து சிவப்புச் சாயமேற்றிய சீடர் மரப்பட்டை நார் கீழே தொங்குகிறது. கண்ணாடி இருந்திருந்தால் இதில் பாதியைக்கூடப் பார்த்திருக்க முடியாது. படம் எடுக்கவில்லை, அதனால் இங்கே போடவும் இல்லை.

பொருள்கள் திரும்பிய விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒட்டாவா ஒத்துக்கொண்டபோது போட்ட நிபந்தனை: அருங்காட்சியகம் கட்டினால் தருகிறோம். வீட்டில் புகுந்து எடுத்தவன், அலமாரி செய்து வை, அப்புறம் தருகிறேன் என்கிறான்! கட்டினார்கள். குவாட்ரா தீவின் கேப் மட்ஜில் 1979-ல் ஒன்று, இங்கே 1980-ல் ஒன்று. டொராண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகம் 1988-ல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. ஹேயின் சேகரிப்பிலிருந்து அதற்கப்புறம் கொஞ்சம் வந்தது. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனிடம் ஒரு தலையணி போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மகள் 2003-ல் திருப்பிக் கொடுத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ 2005-ல் ஒரு முகமூடியை நீண்ட காலக் கடனாக அனுப்பியது. ஆமாம், கடனாக. தனி மனுஷி ஒருத்தி கொடுத்த மாதிரி கொடுக்க ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கை வரவில்லை.

மையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும், கவனியுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்து வைத்த செயின்ட் மைக்கேல்ஸ் விடுதிப் பள்ளியின் செங்கல் கட்டடம் 2015 பிப்ரவரி வரை அங்கே நின்றது. இடித்தபோது ஊரே வந்து பார்த்ததாம். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கோடையில் போங்கள், சில நாட்களில் மேட்டிலுள்ள பெரிய வீட்டில் ஊர்ப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், புதிதாகச் செதுக்கிய முகமூடிகளோடு. பக்கத்திலேயே உருவங்கள் செதுக்கிய 173 அடி டோட்டம் கம்பம், கழுத்து வலிக்கும். கல்லறைத் தோட்டத்துக் கம்பங்களைச் சாலையில் நின்று பார்க்கலாம், உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. மையத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள், அரை நாள் ஒதுக்குங்கள். சாப்பாடு கையோடு கொண்டுபோவது உத்தமம். நாங்கள் ஒரு கடையில் வாங்கிய மீனும் உருளைக்கிழங்கும் ஆறி அவலாகத்தான் வந்தது. கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.