பிசிஎம் கலந்த ஜிப்சம் பூச்சு, ஒரு கோடை பாத்தாச்சு

ஓசூர்ல எங்க மாடி ரூம் 10க்கு 12, மேல நேரா மொட்டை மாடி, மேற்கு வெயில் மொத்தமும் சுவத்துலதான் அடிக்கும். பழைய பூச்சை கொத்திட்டு சீலிங்குக்கும் மேற்கு சுவத்துக்கும் பிசிஎம் கலந்த ரெடிமிக்ஸ் ஜிப்சம் போட்டோம்.

பிசிஎம்னா ஃபேஸ் சேஞ்ச் மெட்டீரியல், பெருசா ஒண்ணும் இல்ல, மார்கழி காலைல தேங்காண்ணெய் உறைஞ்சு கெடக்கும், வெயில்ல வச்சா உருகும்ல, அதே சமாச்சாரம்தான். உருகுறப்ப சூட்டை உள்ள வாங்கிக்கும், உறையுறப்ப திரும்ப வெளிய விட்டுரும். எண்ணெய்க்கு பதிலா பாரஃபின் மெழுகு, கண்ணுக்கே தெரியாத சின்ன பிளாஸ்டிக் உருண்டைக்குள்ள அடைச்சு மாவா வருது. எங்களோடது 28 டிகிரில உருகுறது.

முதல் வாரம் ஒரு வித்தியாசமும் இல்ல, எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு, சாதா ஜிப்சத்தை விட பல மடங்கு காசு குடுத்திருக்கோம். அப்புறம்தான் புரிஞ்சுது, கொசுவுக்கு பயந்து ராத்திரி ஜன்னலை சாத்திட்டா மெழுகு உறையவே உறையாது, உறையாதது மறுநாள் எதை உருக்கி சூட்டை வாங்கும்? வித்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லல, ஏசியே வேணாம்னு மட்டும் சொன்னார். கொசுவலை அடிச்சு ராத்திரி முழுக்க திறந்து விட்டோம். டெம்பரேச்சர் கன்னை சுவத்துல காட்டுனா விடிகாலைல 24, பதினோரு மணிக்கு 28, அதுக்கப்புறம் ரெண்டரை மணி வரைக்கும் அந்த 28லயே நின்னுச்சு, நானும் அம்மாவும் மாத்தி மாத்தி வச்சு பாத்தோம், அவ்ளோ சந்தோஷம். முன்னாடி சாயங்காலம் 34 காட்டுன ரூம் அதே மாதிரி வெயில்ல இப்ப 32.

ஆனா கணக்கையும் பாத்துக்கோங்க. எங்க பூச்சுல உருண்டை மட்டும் சுமாரா 40 கிலோ, உருகுறப்ப கிலோவுக்கு 100 கிலோஜூல் சூட்டை வாங்கும்னா மொத்தம் 1.1 யூனிட் சூடு, ஒரு டன் ஏசி 20 நிமிஷம் ஃபுல்லா ஓடி வெளிய தள்ளுற அளவு, அவ்ளோதான். ரூமை ஜில்லுனு ஆக்காது, மத்தியான சூட்டை ராத்திரிக்கு தள்ளிப்போடும்.

அதனால சென்னைல இருக்குற எங்க அக்கா கேட்டப்ப வேணாம்னுட்டேன். மே மாசம் அங்க ராத்திரியே 28, 29 இருக்கும், எப்ப உறையுறது? ஜெர்மனில பிஏஎஸ்எஃப் கம்பெனி கொண்டுவந்த மைக்ரோனல்ங்கிற பிசிஎம் 21, 23, 26 டிகிரில உருகுற மாதிரிதான் வந்துச்சு, அது அந்த ஊர் ராத்திரிக்கு சரி. வாங்குறதுக்கு முன்னாடி உருகுற டிகிரி என்னன்னு கேளுங்க, உங்க ஊர் மே மாச ராத்திரி அதுக்கு நாலு டிகிரியாவது கீழ போகுதான்னு பாருங்க.

வேலை பத்தி சொல்லணும்னா, மிக்ஸரை ரொம்ப நேரம் ஓட்டாம பாத்துக்கங்க, உருண்டை உடைஞ்சா மெழுகு கசியும். கொத்தனார் கரண்டில இழுக்க வழுக்குதுன்னார், ஆனா ஃபினிஷிங் நல்லா வந்துச்சு. பாரஃபின் எரியுற பொருள், அடுப்பு பக்கத்து சுவருக்கு வேண்டாம்.

மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இந்த மாசம் அடிக்கிறோம். அதைத்தான் முதல்ல அடிச்சிருக்கணும், செலவும் கம்மி, உள்ள வர்ற சூடே குறைஞ்சிருக்கும்.