ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: குதிரை நம்முடையது, கடிவாளம் அவர்களுடையது

இந்த கேமில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்ப எரிச்சல் தருவதும் ஒரே பட்டன்தான். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் நடுவே இருக்கும் டச்பேடை அழுத்திப் பிடித்தால் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், கேமரா நம் முதுகை விட்டு விலகித் தூரத்தில் போய் நின்றுகொள்ளும், மலைச்சரிவில் ஒற்றைக் குதிரைக்காரன் போய்க்கொண்டிருப்பான். வரைபடத்தில் போக வேண்டிய இடத்தைக் குறித்திருந்தால் குதிரை தானாகவே பாதை பிடித்து ஓடும், நாம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். விளையாடுவதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருளில் விளையாடாமல் இருக்க ஒரு வசதி! பெரிய பட்ஜெட் கேம்களெல்லாம் சினிமாவாக ஆசைப்படுகின்றன என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தக் கறுப்புப் பட்டைக்குள் சொகுசாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நாலு பேர் துப்பாக்கியோடு வந்து வழியை மறிப்பார்கள், அரக்கப் பரக்கக் கன்ட்ரோலரைத் தேடுவோம். அந்த அரை நொடிக்காகவே இதை நான் இரண்டாவது முறையும் ஆடினேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ராக்ஸ்டார் கேம்ஸ் இதை 2018 அக்டோபர் 26 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் வெளியிட்டது. கணினிக்கு வர அடுத்த வருடம் நவம்பர் ஆகிவிட்டது. பிளேஸ்டேஷன் 4 பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும், ஒன்று நிறுவ, இன்னொன்று ஆட. கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும், எதை அழிப்பது என்று முதலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1899இல், அமெரிக்காவின் பல மூலைகளை நினைவுபடுத்துகிற கற்பனை மாநிலங்களில். பிளாக்வாட்டர் என்ற ஊரில் ஒரு படகுக் கொள்ளை சொதப்பி, டச் வான் டெர் லிண்டின் கொள்ளைக் கூட்டம் பனிமலைக்குள் தப்பி ஓடுவதில் ஆரம்பம். நாம் ஆர்தர் மார்கன், டச்சின் வலது கை. ஆறு அத்தியாயம், அதற்கு மேல் இரண்டு பகுதியாக ஒரு பின்கதை. அவசரப்படாமல் ஆடினால் 60 மணி நேரம் எங்கே போனதென்றே தெரியாது.

முதல் அத்தியாயம்தான் பலர் விட்டுவிட்டு ஓடுகிற இடம். முழங்கால் பனியில் குதிரை மூச்சிரைக்க மெதுவாக நடக்கும், யாராவது பேசிக்கொண்டே வருவார்கள், நாம் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு, ஆட அவ்வளவு அலுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள், மலையிலிருந்து இறங்கிப் பச்சைப் புல்வெளி கண்ணில் பட்டதும் கேமே மாறிவிடும்.

கதை முக்கியமா ஆட்டம் முக்கியமா என்கிற சண்டையில் எல்லோரும் கட்சீனின், அதாவது ஆட்டம் நின்று படம்போலத் தானாக ஓடும் காட்சியின், நீளத்தைத்தான் அளக்கிறார்கள். எனக்கு அது தப்பான அளவுகோலாகவே படுகிறது. நான் பார்ப்பது வேறு ஒன்றை. கேமரா என் கையிலிருந்து பிடுங்கப்படும்போது, அதற்கு முன்னால் நான் செய்ததெல்லாம் அந்தக் காட்சிக்குள் வந்து சேர்கிறதா, இல்லை, நான் இல்லாமலேயே எழுதி வைத்த காட்சியா? இந்த கேமில் இரண்டும் இருக்கின்றன, அதுவும் பக்கத்துப் பக்கத்தில்.

வேட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு மானை அம்பால் அடித்தால், அதுவரை நடந்து போய், குனிந்து, கத்தியை எடுத்து, தோலை உரித்து, சுமந்து வந்து குதிரையின் பின்பக்கம் போட வேண்டும். ஒவ்வொரு முறையும். வேறு கேமாக இருந்தால் ஒரு பட்டன், ஒரு சத்தம், பைக்குள் தோல் ஒன்று என்று கணக்கு ஏறியிருக்கும். இங்கே மொத்த மிருகத்தையும் தூக்கிக்கொண்டு போய் விற்காமல் சுற்றினால் அது அழுகும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் அதன் வேகம் குறையும். தாடி வளர்ந்துகொண்டே போகும். குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் ஆண் குதிரையின் விதைப்பை சுருங்கும், ஆமாம், அதையும் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், வெளியான சமயத்தில் ஊர் உலகமெல்லாம் அதைத்தான் பேசியது. இதெல்லாம் வெட்டி வேலை என்று என் நண்பர் ஒருவர் சொல்வார், அவர் நாலாவது அலமாரியின் மூன்றாவது இழுப்பறையை ஆர்தர் நிதானமாகத் திறப்பதைப் பார்த்து எழுந்து போனவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது, காரணம் குதிரை.

இங்கே கொஞ்சம் கதையின் முடிவைச் சொல்லப் போகிறேன், இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். குதிரைக்குத் தீனி போட்டு, தேய்த்துவிட்டு, தடவிக்கொடுத்து, பேர் வைத்து 50 மணி நேரம் ஓட்டியிருப்போம். எனக்கு வாய்த்தது ஒரு சாம்பல் நிறக் குதிரை, உங்களுக்கு வேறு ஏதாவது. ஆர்தரின் கடைசி மிஷனில் (கதையை நகர்த்த கேம் நமக்குக் கொடுக்கும் வேலைதான் மிஷன்) துப்பாக்கிச் சூட்டில் அது விழுந்துவிடும். துரத்துகிறவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருக்க, ஆர்தர் நின்று, குனிந்து, அதன் கழுத்தைத் தடவி நன்றி சொல்வான். முழுக்கக் கட்சீன்தான், ஒரு பட்டனும் அழுத்த வேலையில்லை. ஆனால் அந்தக் குதிரையைத் தினம் தினம் தேய்த்தது என் கை. அந்தக் காட்சியை அப்படியே தனியாக எடுத்து ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், பாவம் குதிரை என்பார், அதோடு சரி. நான் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் மிஷன்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மிஷன் ஆரம்பித்ததும் வரைபடத்தில் ஒரு கோடு விழும், அதன் மேல்தான் போக வேண்டும். எதிரிகளின் முகாமுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்க்கலாமே என்று கொஞ்சம் கூடுதலாக விலகினால், கூட்டாளியைக் கைவிட்டுவிட்டீர்கள், தோல்வி, மறுபடி ஆரம்பியுங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிய வேண்டும், எப்போது சுட ஆரம்பிக்க வேண்டும் எல்லாம் முன்பே முடிவானது. அதே உலகத்தில், மிஷன் இல்லாத நேரத்தில் ஒரு வண்டியைக் கொள்ளையடித்துப் பாருங்கள். பார்த்தவன் ஒருவன் போலீஸிடம் சொல்ல ஓடுவான், துரத்திப் பிடித்து மிரட்டி வாயை மூடலாம், முகத்தில் துணி கட்டியிருந்தால் வேறு மாதிரி நடக்கும், தலைக்கு விலை வைப்பார்கள், அதைத் தபால் நிலையத்தில் கட்டித் தீர்க்கலாம். வழியில் பாம்பு கடித்துத் துடிக்கிற ஒருவரைக் காப்பாற்றினால், பல நாள் கழித்து ஊரில் துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார், அடையாளம் கண்டு கூப்பிட்டு, உள்ளே போய் ஏதாவது ஒன்று எடுத்துக்கொள், பணம் நான் கொடுக்கிறேன் என்பார். இவ்வளவு ஞாபகசக்தி உள்ள ஒரு உலகத்தைக் கட்டிய அதே ஆட்கள், மிஷன் என்று வந்ததும் நம்மைக் குழந்தையைப் போலக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். ஏன் இந்த அவநம்பிக்கை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, இது இன்று நேற்று ஆரம்பித்த சிக்கல் இல்லை. 1983இலேயே டிராகன்ஸ் லேயர் என்று காசு போட்டு ஆடும் ஓர் ஆர்கேட் கேம் வந்தது, லேசர் டிஸ்கில் பதிந்த கார்ட்டூன் ஓடும், சரியான நொடியில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் கதை நகரும், தவறினால் நாயகன் செத்துவிடுவான். பார்க்க அப்போது அதற்கு நிகர் எதுவுமில்லை, ஆடுவதற்கு என்ன இருந்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 1998இல் ஹாஃப்-லைஃப் நேர் எதிராகப் போனது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நம் கண்ணை விட்டுக் கேமரா வெளியே போகவே இல்லை. 2008இல் மெட்டல் கியர் சாலிட் 4 முடிகிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 2015இல் வந்த தி ஆர்டர்: 1886 கறுப்புப் பட்டையைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. படம் பிடித்த விதத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஆடி முடித்தபின் என் கை என்ன செய்தது என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. ரெட் டெட் வந்த அதே 2018இல் காட் ஆஃப் வார் முழுக் கதையையும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாகக் காட்டியது, அந்த வருட கேம் அவார்ட்ஸில் பெரிய பரிசும் அதற்குத்தான் போனது. சிறந்த நடிப்புக்கானது மட்டும் ஆர்தராக நடித்த ராஜர் கிளார்க்குக்கு. நியாயமான தீர்ப்பு என்றுதான் சொல்வேன், அந்தக் குரலில் இருக்கிற களைப்பு இல்லாவிட்டால் இந்த கேமின் பாதி பலம் போயிருக்கும்.

கதைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நம் கூட்டத்து மைக்கா என்கிறவனைச் சிறையிலிருந்து மீட்கிற மிஷனில் ஸ்ட்ராபெரி என்ற சின்ன ஊரே சவக்காடாகும். அதற்குப் பெரிதாகக் கணக்கு இல்லை. வெளியே கை தவறி ஒரு நாயைச் சுட்டுவிட்டால் உடனே நற்பெயர் குறையும். அன்று இரவு முகாமில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நல்லவன் இல்லை என்று ஆர்தர் வருந்தும்போது, எத்தனை பேரைச் சொல்கிறாய் தம்பி, மதியம் கொன்றதில் 30ஆ, 40ஆ என்று கேட்கத் தோன்றும். அதே சமயம், நற்பெயரைப் பொறுத்து அவன் பேசும் விதமும் கடைசி நிமிடங்களும் மாறுகின்றன, கனவுபோல வருகிற ஒரு மிருகம்கூட மாறும். நல்லவனாக இருந்தால் மான். கெட்டவனாக இருந்தால் எது என்று ஆடித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆர்தரின் நோயையும் சொல்லியாக வேண்டும், முன்பு தாண்டியவர்கள் இதையும் தாண்டுங்கள். கடன் வசூலிக்கப் போன இடத்தில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு நோஞ்சான் விவசாயியை அடிக்க வேண்டிய மிஷன் இரண்டாம் அத்தியாயத்தில் வரும், தவிர்க்க வழியில்லை. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல மணி நேரம் கழித்து ஆர்தர் நடுத்தெருவில் சுருண்டு விழும்போதுதான் அந்த இருமல் ஞாபகம் வரும். கன்னம் ஒட்டிப்போகும், எவ்வளவு சாப்பிட வைத்தாலும் எடை ஏறாது. டாக்டர் சொல்வதைவிட, நன்றாகச் சாப்பிட வைத்தும் உடம்பு தேறாததுதான் எனக்கு அதை உணர்த்தியது.

கன்ட்ரோல் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. குதிரையில் ஏறுகிற பட்டனும் பக்கத்தில் நிற்கிறவன் மேல் பாய்கிற பட்டனும் ஒன்றே, இரண்டு அடி தள்ளி நின்றால் ஏறுவதற்குப் பதில் வழிப்போக்கனைத் தள்ளிவிட்டு ஊரே துப்பாக்கியோடு ஓடி வரும். பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்தேன் என்று நம்பி இறங்கி நடப்போம், அது குதிரைச் சேணத்திலேயே இருக்கும். முகாமுக்குள் ஓடவும் விடமாட்டார்கள். ஆன்லைன் பகுதிக்கு 2022இலேயே பெரிய அப்டேட்களை நிறுத்திவிட்டார்கள், அதற்காக வாங்க வேண்டாம்.

வாங்கியதும் முதல் வேலையாகத் திரை மூலையில் தெரியும் சின்ன வரைபடத்தை, அதாவது மினிமேப்பை, அணைத்துவிட்டுத் திசைகாட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கோட்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற பழக்கமுள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

பின்கதை 1907இல், ஆர்தரின் பழைய கூட்டாளி ஜான் மார்ஸ்டனாக. சாணி அள்ள வேண்டும், பால் கறக்க வேண்டும், பிறகு ஆணி அடித்து ஆணி அடித்து ஒரு வீடு கட்ட வேண்டும். பலருக்கு இது தாங்காது, எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அங்கே வேலையெல்லாம் முடித்துவிட்டு லாயத்துக்குப் போய்ப் புதுக் குதிரை ஒன்று வாங்கினேன், வேகமான குதிரை, பழையதைவிட எல்லாவற்றிலும் மேல். பேர் என்ன வைக்கிறாய் என்று கேம் கேட்டது. ஒன்றும் வைக்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.