தமிழ் ஃபான்ட்டைக் கண்டுபிடிக்க: வாட்ஃபான்ட்டா, ஃபான்ட்ஸ் நிஞ்சாவா, எஃப்12-ஆ?

ஒரு இணையப் பக்கத்தில் இருப்பது எந்த ஃபான்ட் என்று கண்டுபிடிக்க, ஆங்கிலப் பக்கம் என்றால் வாட்ஃபான்ட் என்ற நீட்சியே (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போதும். தமிழ்ப் பக்கம் என்றால் நான் நேராக எஃப்12 அழுத்தி, பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டும் உலாவியின் இன்ஸ்பெக்டருக்குப் போய்விடுவேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு இணையப் பக்கம் செய்தபோது எடுத்த முடிவு இது. கடைக்கார அண்ணாச்சி ஒரு செய்தித் தளத்தைக் காட்டி, "இதே மாதிரி எழுத்து வேணும் தம்பி" என்றார்.

வாட்ஃபான்ட்டில் ஐகானை அழுத்தி எழுத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் பெயர் வரும். கிளிக் செய்தால் அளவு, வரி இடைவெளி, நிறம் எல்லாம் வரும். அந்தத் தளத்தின் தமிழ்த் தலைப்புக்கு அது சொன்ன பதில்: ரோபோட்டோ.

ரோபோட்டோவில் தமிழ் எழுத்தே கிடையாது. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிப்பில்) எழுதியிருக்கும் பெயரைத்தான் நீட்சி படித்துச் சொல்கிறது. அந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லாதபோது, கணினியில் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் ஃபான்ட்டை உலாவி எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். அண்ணாச்சி கைபேசியில் பார்த்து ஆசைப்பட்ட எழுத்து வேறு, என் திரையில் தெரிந்தது வேறு. இதில் இன்னொரு தொல்லை: விலைப் பட்டியலில் எண்கள் மட்டும் ரோபோட்டோவிலேயே நிற்கும்; பக்கத்தில் தமிழ் வேறு தடிமனில் ஒட்டாமல் கிடக்கும்.

உண்மையில் எந்த ஃபான்ட் வரைந்தது என்பதை க்ரோமின் இன்ஸ்பெக்டர் சொல்லிவிடும். எழுத்தின் மேல் ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட், கம்ப்யூட்டட் தாவல், அதன் அடியில் 'ரெண்டர்ட் ஃபான்ட்ஸ்'. ஃபான்ட் கணினியிலிருந்து வந்ததா, இணையத்திலிருந்து இறங்கியதா, எத்தனை எழுத்து வடிவங்களை வரைந்தது என்பதுவரை இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதன் ஃபான்ட்ஸ் பலகத்தில் ஒரு பெயரின் மேல் மவுஸை வைத்தால், பக்கத்தில் எந்தெந்த எழுத்துகள் அந்த ஃபான்ட் என்று பளிச்செனக் காட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த நம்மூர்ப் பக்கங்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். (கடைசியில் அந்தக் கடைக்குப் போட்டது கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஹிந்த் மதுரை. பெயரைச் சொன்னதுமே அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். எழுத்தை அப்புறம்தான் பார்த்தார்.)

ஃபான்ட்ஸ் நிஞ்சாவும் ஃபான்ட் பெயர் சொல்லும் நீட்சிதான்; பார்க்க அழகு. பிடித்த ஃபான்ட்டைச் சேமித்துவைக்கலாம். ஆங்கில லோகோ வேலை நிறைய வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். நான் கொஞ்ச நாள்தான் வைத்திருந்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பக்கத்திலிருந்து நிறம் எடுக்க கலர்ஜில்லா என்ற நீட்சி. ஃபயர்ஃபாக்ஸிலேயே ஐட்ராப்பர் (நிறம் எடுக்கும் கருவி) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் முன்பு எடுத்த நிறங்களையும் கலர்ஜில்லா நினைவில் வைத்திருக்கும். சேலையின் உடல், கரை, முந்தி என்று வரிசையாக நிறம் எடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

மற்றபடி நீட்சிகளைக் குறைவாக வைப்பதே நல்லது. 2017 ஆகஸ்டில் 'வெப் டெவலப்பர்' நீட்சியை உருவாக்கிய கிறிஸ் பெடரிக்கின் கணக்கு போலி மின்னஞ்சலால் பறிபோனது. விளம்பரம் திணிக்கும் பதிப்பு ஒன்று, அப்டேட் என்ற பெயரில் பயனர்களுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. நல்ல நீட்சிக்கே இந்தக் கதி. வாடிக்கையாளரின் தளத்தில் அட்மினாக உள்ளே நுழைந்து வேலை செய்கிற நமக்கு இது விளையாட்டில்லை. க்ரோமில் நீட்சியின் ஐகானை ரைட் கிளிக் செய்து, தளத்தின் தகவலைப் படிக்கும் அனுமதியை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றிவிடலாம். கலர்ஜில்லாவுக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்; வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.