இளநீரா, நீர்மோரா, பாட்டில் பானமா: வியர்த்த உடம்புக்கு எதைக் கொடுப்பது?

சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையில் காலை ஐந்தரை மணிக்கே ஓடத் தொடங்கினாலும் ஏழு மணிக்குள் பனியன் தொப்பலாக நனைந்துவிடுகிறது. அதைக் கழற்றிக் காயப்போட்டால் முதுகுப்பக்கம் வெள்ளைத் திட்டுகளாக உப்புப் பூத்திருக்கும். பயிற்சிக்குப் பின் எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு ‘இயற்கையானதே நல்லது’ என்று ஒரே வரியில் விடை சொல்வது நம்மிடையே வழக்கம். இயற்கை உணவின்மீது எனக்கும் ஆழ்ந்த பற்று உண்டு. ஆயினும் இளநீர், நீர்மோர் என இரண்டு இயற்கைப் பானங்கள் எதிரெதிரே நிற்கும்போது எதை எடுப்பது என்று அந்த வரி வழிகாட்டுவதில்லை. பனியனில் பூத்த உப்புதான் வழிகாட்டுகிறது.

ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது. இது ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும். சிலருக்கு அரை கிராம்தான், சிலருக்கு ஒன்றரை கிராமுக்கும் மேல். பொட்டாசியத்தின் இழப்போ ஏறத்தாழ 0.2 கிராம் மட்டுமே. ஒரு கிராம் சோடியம் என்பது இரண்டரை கிராம் சமையல் உப்பு, அதாவது சற்றுக் குறைய அரைத் தேக்கரண்டி. எவ்வளவு வியர்த்தது என்பதை அறிய வீட்டில் ஒரு எடைக்கருவி போதும். ஓடுவதற்கு முன்னும், ஓடி முடித்து உடலைத் துடைத்த பின்னும் எடை பார்த்து, குறைந்த எடையோடு இடையில் குடித்த நீரின் அளவையும் கூட்டினால் வியர்வையின் அளவு கிடைத்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் என்று கொள்ளலாம். உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு; 65 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.3 கிலோ.

முதலில் வெறும் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நடப்பவர்கள், யோகாசனம் செய்பவர்கள், மிதமாக ஓடுபவர்கள் ஆகியோருக்குத் தண்ணீரே போதும். இழந்த உப்பை அடுத்த வேளை இட்லியும் சாம்பாரும் ஈடுசெய்துவிடும். நீண்ட நேரம் ஓடும்போது தண்ணீரை மட்டுமே, அதுவும் தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே, அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களிடமே இந்தக் குறைவு மிகுதியாக இருந்தது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கும் இந்நிலையை நீரிழப்பு என்று தவறாகக் கருதி மேலும் தண்ணீர் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இளநீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன்மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை பெரிது. சீவிய உடனே குடிப்பதால் தூய்மையானது, வயிற்றுக்கு இதமானது, சர்க்கரையும் அளவானது. கோடையில் ஒரு பொள்ளாச்சி இளநீர் தரும் குளிர்ச்சியை எந்தப் பாட்டிலும் தராது. ஆனால் வியர்வைக்கு ஈடாக அதை வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு லிட்டர் இளநீரில் ஏறத்தாழ இரண்டு கிராம் பொட்டாசியம் உண்டு. சோடியம் தென்னையின் இரகத்துக்கும் காயின் முற்றலுக்கும் ஏற்ப மாறினாலும் பொதுவாகப் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கே. வியர்வையிலோ சோடியம் பொட்டாசியத்தைப் போல ஐந்து மடங்கு. எது மிகுதியாக வெளியேறியதோ அது இளநீரில் குறைவு. எது குறைவாக வெளியேறியதோ அது மிகுதி. கொய்யா, வாழைப்பழம், கீரை, பருப்பு ஆகியவற்றை உண்பவருக்குப் பொட்டாசியம் அன்றாட உணவிலேயே கிடைக்கிறது. எனவே நீண்ட ஓட்டத்துக்குப் பின் இளநீர்தான் வேண்டும் என்பவர், அதனுடன் உப்பிட்ட வேர்க்கடலையோ சுண்டலோ ஒரு கைப்பிடி உண்ணட்டும். குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீர்மோரை இதே தராசில் நிறுத்தியபோது எனக்கே வியப்பு ஏற்பட்டது. 200 மில்லி தயிருடன் 800 மில்லி தண்ணீர் சேர்த்துக் கடைந்து, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ மூன்று கிராம் போட்டால், அந்த ஒரு லிட்டரில் சோடியம் சுமார் 1.2 கிராமும் தயிரிலிருந்து வரும் பொட்டாசியம் சுமார் 0.3 கிராமும் இருக்கும். சராசரி வியர்வையின் கலவையோடு இவ்வளவு நெருங்கிவரும் வேறொரு பானம் நம் சமையலறையில் இல்லை. இதற்கு மேல், தசைகளின் சீரமைப்புக்கு உதவும் ஏழு கிராம் புரதம் கிடைக்கிறது. பாலின் சர்க்கரையும் சிறிதளவு உண்டு. கடைந்து வெண்ணெய் எடுத்த மோராக இருந்தால் கொழுப்புக் குறைவதால் இரைப்பையில் தங்காமல் விரைவாகக் கீழிறங்கும். கல்லுப்பைப் பயன்படுத்துவோர் அளவில் கவனம் வைக்க வேண்டும்: கற்கள் கரண்டியில் இடைவெளி விட்டு அமர்வதால், அதே அரைத் தேக்கரண்டியில் எடை குறைவாகவே ஏறும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவை சுவைக்கும் செரிமானத்துக்கும் நல்லவை. வெறும் வயிற்றோடு வியர்த்து வந்தவருக்குப் பச்சை மிளகாய் எரிச்சலையே தரும் என்பதால் அதை நான் தவிர்க்கிறேன்.

நீர்மோருக்கும் எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் குடித்தால் பலருக்கு வயிறு புரளும். வெயிலில் கொண்டுசெல்லும்போது புளித்துப்போகும். தெருவோரத்தில் வாங்கினால் அதில் மிதக்கும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரால் ஆனது என்பதை அறிய வழியில்லை. பால் ஒவ்வாதவர்களில் பலர் புளித்து நீர்த்த மோரைத் தாங்கிக்கொண்டாலும் எல்லோராலும் முடியாது. ஆகவே இதை ஓட்டத்துக்குப் பிந்திய பானமாகவே கொள்ள வேண்டும்.

ஓட்டத்தின் நடுவே பாட்டில் பானங்களுக்கு ஒரு நியாயமான இடம் இருப்பதை மறுக்க இயலாது. 1965இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கேட்டரேடைக் கலந்ததே இவ்வகைப் பானங்களின் தொடக்கம். இவற்றில் நூறு மில்லிக்குச் சுமார் ஆறு கிராம் சர்க்கரை இருக்கிறது. சோடியமோ பெரும்பாலும் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டுவதில்லை, அதாவது சராசரி வியர்வையில் பாதி. எனவே உப்பை மீட்பதைவிட, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் தசைக்கு எரிபொருள் கொடுப்பதே இவை சிறப்பாகச் செய்யும் வேலை. அவ்வளவு நேரம் கடுமையாக ஓடுபவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நாற்பது நிமிடம் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு அரை லிட்டர் பாட்டிலைக் குடிப்பவரோ, 30 கிராம் சர்க்கரையை, அதாவது 120 கலோரியை உள்ளே அனுப்பி, நடந்து செலவிட்டதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். நீரிழிவு இத்தனை வீடுகளில் இருக்கும் ஊரில் குழந்தைகளின் விளையாட்டுப் பைகளில் இந்தப் பாட்டில்கள் அன்றாடம் ஏறுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இதற்கு நேர்ப் போட்டியாக நிற்கக்கூடியது நம் பானகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் சுக்கும் சேர்த்து, கால் தேக்கரண்டி உப்பிட்டால், சர்க்கரையின் அடர்த்தி பாட்டில் பானத்தை ஒட்டியும் சோடியம் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் வந்துவிடும். இராமநவமிக்குக் கோயிலில் தரும் தித்திப்பு இங்கு வேண்டியதில்லை; இனிப்பு மிகுந்தால் நீர் குடலிலிருந்து உள்ளே செல்வது தாமதமாகும். வெல்லத்தில் இரும்புச் சத்து உண்டு என்பதற்காக அதைச் சர்க்கரை அல்ல என்று எண்ணிவிடவும் கூடாது. இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றவே செய்யும்.

ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல், ஒரு மருந்து. குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே குடற்சுவரைக் கடக்கின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்ற எளிய உண்மையின்மேல் அது எழுந்தது. 1971இல் வங்காள அகதிகள் முகாமில் காலராவுக்கு எதிராக மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதைப் பெருமளவில் பயன்படுத்தி எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. சோடியம் சிட்ரேட்டும் சேர்வதால் மொத்தச் சோடியம் ஏறத்தாழ 1.7 கிராம், அதாவது பெரும்பாலோரின் வியர்வையைவிட அதிகம். கொளுத்தும் வெயிலில் பல மணி நேரம் ஓடி, உடையெங்கும் உப்புப் பூத்து, சோர்ந்து அமர்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அன்றாட நடைக்குப் பின் இது வேண்டாம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே குவளையில் கரைப்பது பெரும் பிழை. இனிப்பான பல பானங்கள் இந்தப் பெயரைத் தாங்கி விற்கப்பட்டதால், உரிய கலவை இல்லாதவை ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. எனினும் உறையில் உள்ள அளவுகளைப் படித்தே வாங்க வேண்டும்.

நீராகாரத்தை இந்த வரிசையில் நான் வேறிடத்தில் வைக்கிறேன். பழைய சோற்று நீரில் உப்பிட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் களத்துக்குப் போனவர்கள், உழைப்பதற்கு முன்பே நீரையும் உப்பையும் உடலில் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு குவளை குடிப்பது இன்றும் நல்ல பழக்கமே.

மேலே சொன்ன உப்பு அளவுகள் யாவும் வியர்த்து இழந்தவருக்கானவை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அவற்றை மருத்துவரிடம் கேட்டே கைக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், இரத்த அழுத்தத்துக்காகப் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்களும் இளநீரிடம்தான் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மிகுந்த பொட்டாசியம் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும் என்பதால், அவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை இளநீர், அல்லது இளநீர் கூடுமா என்பதைச் சிறுநீரக மருத்துவரே இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.