கிளைகளை இணைக்க எது உகந்தது: எம்பிஎல்எஸ் வலையமைப்பா, இணைய டனலா?

யாழ்ப்பாணத்தில் தலைமையகமும் சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு ஆகிய இடங்களில் கிளைகளும் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் வலையமைப்பைப் பராமரிப்பவன் என்ற வகையில், இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. சேவை வழங்குநர் தன் வலையமைப்புக்குள், பொதிகளில் (தரவுத் துண்டுகளில்) லேபிள் எனும் குறியெண்ணை இட்டு, எங்கள் இடங்களை மட்டும் தனியாக இணைத்துத் தரும் எம்பிஎல்எஸ் விபிஎன் ஒரு வழி. ஒவ்வோர் இடத்திலும் சாதாரண இணைய இணைப்பைப் பெற்று, அவற்றுக்கிடையே ஐபிசெக் டனல்களை, அதாவது தரவைக் குறியாக்கம் செய்து பொது இணையத்தினூடே கொண்டுசெல்லும் தனி வழிகளை, நாமே அமைப்பது மற்றைய வழி. நாங்கள் முதலாவதையே எடுத்தோம்; இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

மாதாந்தக் கட்டணத்தில் இணைய டனலே மலிவானது, விரைவாகவும் கிடைக்கும். இதில் விவாதிக்க ஏதுமில்லை. தூரமும் பெரிய விடயமல்ல. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்றாலும், கண்ணாடி இழையில் ஒளி அதை ஏறக்குறைய 2 மில்லி செக்கனில் கடந்துவிடும். கிளைகளுக்கிடையே இந்த வலையமைப்பில் செல்லும் தொலைபேசி உரையாடலைக் குலைப்பது நெரிசலில் பொதிகள் வரிசையில் காத்திருப்பதுதான். பொதியின் முன்னால் லேபிளுடன் சேர்க்கப்படும் எம்பிஎல்எஸ் தலைப்பிலுள்ள 3 பிட்டுகள் குரலுக்கு முன்னுரிமை கேட்க உதவுகின்றன. பொது இணையத்தில் அத்தகைய குறியீட்டை வழியிலுள்ள எவரும் மதிப்பார்கள் என்று நம்ப முடியாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதை விளங்கிக்கொள்ள, லேபிள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும். எங்கள் கிளையிலிருந்து புறப்படும் பொதியின் ஐபி முகவரியை வழங்குநரின் எல்லை ரவுட்டர் (பொதிகளை வழிநடத்தும் கருவி), எங்களுக்கென ஒதுக்கிய அட்டவணையில் ஒருமுறை பார்த்து, அதன்மேல் இரண்டு லேபிள்களை இடுகிறது. ஒவ்வொரு லேபிளும் 20 பிட் எண். ஒவ்வொரு லேபிளின் தலைப்பும் முழுதாக 4 பைட்டுகள்தான். வெளி லேபிள் மறுமுனையிலுள்ள எல்லை ரவுட்டரை அடையும் பாதையைக் குறிக்கிறது. நடுவிலுள்ள ரவுட்டர்கள் அதை மட்டும் பார்த்து, வேறோர் எண்ணாக மாற்றி அனுப்புகின்றன. உள் லேபிள் பொதி எந்த வாடிக்கையாளருக்கு உரியது என்பதை மறுமுனைக்குச் சொல்கிறது. எங்கள் உள் முகவரிகளை நடு ரவுட்டர்கள் அறியவே வேண்டியதில்லை என்பதால், அதே முகவரிகளை வேறொரு நிறுவனம் பாவித்தாலும் குழப்பம் நேராது.

இதன் விளைவு, புதிய கிளை ஒன்றைத் திறக்கும்போதுதான் முழுமையாகப் புலப்படும். இணைய டனல் வழியில், ஆறு இடங்களும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 15 டனல்கள் வேண்டும். ஏழாவது இடம் சேர்ந்தால் 21. ஒவ்வொன்றுக்கும் இரு முனைகளிலும் திறவுகோல், முகவரி, பொதியின் உச்ச அளவு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். வழங்குநர் ஒரு கிளையின் வெளி முகவரியை மாற்றிவிட்டால் அதைச் சுட்டும் டனல்கள் அனைத்தையும் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்தில் குவித்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் வவுனியாவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் தரவு முதலில் வடக்கே வந்து திரும்பும், தலைமையகத்தில் மின்சாரம் நின்றால் எல்லாமே நிற்கும். எம்பிஎல்எஸ்ஸில் ஏழாவது இடத்துக்கு நாங்கள் அமைப்பது ஒரேயோர் இணைப்பு. அதன் முகவரியை, ரவுட்டர்கள் தமக்குள் வழித்தகவல் பரிமாறும் நெறிமுறையான பிஜிபி, மற்றைய எல்லை ரவுட்டர்களுக்கு அறிவிக்கிறது. லேபிளும் அதனுடனேயே செல்கிறது. ஒருவர் மட்டுமே வலையமைப்பைக் கவனிக்கும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு கட்டண வித்தியாசத்தைவிடப் பெறுமதியானது.

டனல்களைத் தானாக அமைத்து நிர்வகிக்கும் எஸ்டி-வான் கருவிகள் இக்கணக்கை மாற்றக்கூடும்; அவற்றை நீண்டகாலம் நடத்திப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. இரண்டு மூன்று இடங்கள் மட்டுமே உள்ளவர்களுக்கு ஐபிசெக் போதும் என்றே சொல்வேன்.

ஒன்றை மட்டும் ஒப்பந்தம் செய்யுமுன் மனதில் கொள்ள வேண்டும்: லேபிள் வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கிறது, தரவைக் குறியாக்கம் செய்வதில்லை. ஆகவே சம்பளக் கணக்கு செல்லும் யாழ்ப்பாணம்–கொழும்பு இணைப்பில் மட்டும், எம்பிஎல்எஸ்ஸின் மேலேயே ஓர் ஐபிசெக் டனலை வைத்திருக்கிறோம்.