பெட்டியில் போட்டிருந்த 1200 மடங்கும் மற்ற பொய்களும்

சின்ன வயதில் ஆசைப்பட்டு வாங்கிய விளையாட்டுச் சாமான்களில் உடைந்துபோனவை எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. உடையாமல், நன்றாகவே வேலை செய்துகொண்டு, ஆனால் பெட்டியில் போட்டிருந்ததைச் செய்யாமல் கழுத்தறுத்தவைதான் இன்னும் மறக்கவில்லை. பெரியவனான பிறகு சிலதை மறுபடி எடுத்துப் பார்த்தேன், சிலதைக் கழற்றியும் பார்த்தேன், அதனால் இதை நீண்ட காலப் பயன்பாட்டு ரிவ்யூ என்றே சொல்லலாம்.

முதலில் ஒற்றைப் பொத்தான் ரிமோட் கார். பெட்டிப் படத்தில் புழுதி பறக்க வளைவில் திரும்பும். நிஜத்தில் அடியில் இருக்கும் சுவிட்சைப் போட்டதுமே அதுபாட்டுக்கு நேராக ஓட ஆரம்பித்துவிடும், ரிமோட்டைத் தொடவே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பின்னால் வந்துகொண்டே ஒரு பக்கமாகத் திரும்பும், அதுவும் எப்போதும் அதே பக்கம். கழற்றினால் உள்ளே ஸ்டீயரிங் என்று எதுவுமே கிடையாது. ரிமோட் அனுப்புவது ஒரே ஒரு சிக்னல்தான்: வராதவரை மோட்டார் முன்னோக்கிச் சுற்றும், வந்தால் மின்சாரத்தின் திசை மாறிப் பின்னோக்கிச் சுற்றும், பின்னால் போகும்போது மட்டும் ஒரு சக்கர அச்சு மடங்கிக்கொள்ளும். இப்படியான கார்களில் நிறைய 27 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே ரேடியோ அலைவரிசையில்தான் ஓடும் என்பதால் நண்பனும் அதே மாதிரி கார் வைத்திருந்தால் தீர்ந்தது, அவன் அழுத்த என் கார் பின்வாங்கும். மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். கார் போன பிறகும் பேட்டரியில் நேரடியாக மாட்டி, அட்டையில் இறக்கை வெட்டிச் செருகி, குட்டி ஃபேனாக வெகுநாள் ஓட்டினேன்.

வாக்கி டாக்கி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது எட்டும் தூரத்தில் நின்றால் எதிராளியின் குரலே நேராகக் காதில் விழும், அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆசை காட்டி மோசம் செய்ததில் முதலிடம் மைக்ரோஸ்கோப்புக்குத்தான். 100, 600, 1200 மடங்கு பெரிதாக்கும் என்று மூன்று லென்ஸ், பெட்டியில் 1200 மட்டும் கொட்டை எழுத்தில். எந்தக் குழந்தையாவது 100இல் ஆரம்பிக்குமா? நேராக 1200க்குத் திருப்பினால் மங்கலான மஞ்சள் இருட்டு, அதில் மிதக்கும் ஒரு கறை, அதுவும் பல நேரம் நம் இமைமுடிதான். மேசையை லேசாகத் தொட்டால் போதும், எல்லாம் துள்ளி ஓடிவிடும். ஒளியின் அலைநீளமே ஒரு வரம்பு போடுகிறது, சுமார் 0.2 மைக்ரோமீட்டரை விட நெருக்கமான இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டாது. ஆய்வகங்களில் எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் உயர்ந்த லென்ஸ்களுக்கே 1000, 1400 மடங்கோடு பயன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பெரிதாக்கினால் பெரிதாவது மங்கல் மட்டும்தான். பிளாஸ்டிக் லென்ஸும் குட்டி பல்பும் வைத்துக்கொண்டு 1200 என்று அச்சடிக்க ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் யாரும் பெருமை பேசாத அந்த 100 இருக்கிறதே, அது தங்கம். வெங்காயத்தின் உள்தோலை மெல்லியதாக உரித்து ஒரு துளி அயோடின் விட்டால் செல்கள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றிலும் கருமஞ்சளாக ஒரு உட்கரு. உப்புப் பொடி கச்சிதமான கனசதுரமாக நிற்கும். ஒருமுறை பெட்டி அட்டையிலிருந்தே ஒரு துண்டு கிழித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பளபளப்பான விஞ்ஞானிப் பையனின் முகம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறிப்போனது. பழிக்குப் பழி!

டெலஸ்கோப்பும் அதே ஜாதி. 60 மில்லிமீட்டர் லென்ஸ், பெட்டியில் 525 மடங்கு. லென்ஸ் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பது பொதுவான கணக்கு, ஆக 120ஐத் தாண்டினால் வீண். கலிலியோ 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைப் பார்த்தது சுமார் 20 மடங்கில்தான் என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது. சரி, அதிக மடங்கு ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸை, மாட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். முக்காலி நடுங்கும், அது அடங்குவதற்குள் பூமி சுற்றுகிற வேகத்தில் நிலா நகர்ந்து போய்விடும், தன் அகலத்துக்கு நகர அதற்கு 2 நிமிடம்தான் ஆகும். குறைந்த மடங்கில் அதே குழாயில் நிலாவின் பள்ளங்கள் பிரமாதமாகத் தெரிந்தன, சனியின் வளையமும் பொடியாக, ஆனால் நிச்சயமாக, தெரிந்தது. பெட்டிப் படத்தில் இருந்த வண்ணமயமான நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், மட்டும் எந்த ஐபீஸிலும் வரவில்லை. அந்த மாதிரிப் படங்கள் கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுப்பவை, நம் கண்ணுக்கு அந்த வித்தை தெரியாது.

இன்று ஒரு பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் மடங்கு எண் பெரிதாகப் போட்ட பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன். மைக்ரோஸ்கோப் என்றால் 40இலிருந்து 400 வரை, கண்ணாடி லென்ஸ், ஆட்டமில்லாத உலோக உடம்பு. வானம் பார்க்க என்றால் 7×50 பைனாகுலர் (7 மடங்கு, 50 மில்லிமீட்டர் லென்ஸ்) போதும், முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நிலவுகளே தெரியும். ரிமோட் கார் என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ரிமோட்டில் இடது வலதுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு.