மைலோ தூளா, மூக்குச்சளியா? 62 வெள்ளி நுண்ணோக்கி ஒன்றின் கதை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைப் பிடித்துக்கொண்டது, கூடவே வந்த கைப்பேசிக் கவ்விக்காக. மற்றபடி, வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்துக்கொண்டு, மணலில் ஏதோ பழுப்பாகப் படர்கிறதே என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் அடுத்த தொட்டி மருந்து பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் பாட்டில், அப்புறம் நுண்ணோக்கி. அதற்கு நான் கொடுத்த விலை சுமார் 340 சிங்கப்பூர் வெள்ளியும் நான்கு நத்தைகளும்.

இது பள்ளிப் பிள்ளைகளுக்கான சாதாரண ஒற்றைக்கண் நுண்ணோக்கி. இணையத்தில் 62 வெள்ளி. கீழே சுழலும் லென்ஸ் மூன்று: 4, 10, 40 மடங்கு. கண் வைக்கும் லென்ஸ் இரண்டு: 10, 25 மடங்கு. அடியில் ஓர் எல்இடி விளக்கு, பத்து வெற்று ஸ்லைடுகள், ஒரு சின்ன டப்பாவில் கவர் ஸ்லிப் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி). உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளுக்கு என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். அவள் அதில் ஒருமுறை வெங்காயத் தோலைப் பார்த்தாள். மீதி நேரமெல்லாம் நான்தான்.

தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீடு, வரவேற்பறைச் சுவரோரம் இரண்டடித் தொட்டி, 120 லிட்டர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் ஓடுகிறது. இந்த ஊரில் அது இல்லாவிட்டால் தொட்டி சூப்பாகிவிடும். உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல்பாறை) இல்லாமல் வெள்ளை உலர்பாறை வைத்துத் தொடங்கினேன். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் காளான் பவளம், மூன்று நிறத்தில் ஸோவா (பவளத்தின் உறவுக்கார உயிர்).

தொடங்கிய மூன்றாவது வாரம் மணல் முழுக்கப் பழுப்புப் பொடி. என் மனைவி பார்த்துவிட்டு, “என்னங்க, மைலோ டப்பாவைக் கவிழ்த்துட்டீங்களா?” என்று கேட்டார். அச்சு அசல் அந்தச் சாக்லேட் பானத் தூள் மாதிரிதான் இருந்தது. விரலால் தொட்டால் புகைபோல எழும்பியது, கண்ணாடியில் காந்தத் துடைப்பானை ஓட்டினால் ஒரே இழுப்பில் போனது. சிராங்கூன் நார்த்தில் நான் வழக்கமாகப் போகும் கடை அங்கிளிடம் படத்தைக் காட்டினேன். சிரித்தார். டயாட்டம், ஒரு மாதம் தொடாமல் விடு, நத்தை வாங்கிப் போடு என்றார். நான்கு ட்ரோக்கஸ் நத்தை வாங்கினேன். ஆறாவது வாரம் மணல் வெள்ளை. அங்கிள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டயாட்டம் தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் உயிர். அதற்குச் சிலிக்கா வேண்டும். புதுத் தொட்டியின் மணலிலும் தண்ணீரிலும் இருக்கும் சிலிக்கா தீர்ந்ததும் அதுவாகவே அடங்கிவிடும்; மிச்சத்தை நத்தை மேய்ந்துவிடும்.

ஆறாவது மாதம் பழுப்பு திரும்பி வந்தது. பழைய ஆள்தானே என்று நினைத்தேன். என் தப்பு அங்கே ஆரம்பித்தது.

இந்தத் தடவை அது பொடியாக இல்லை, சளியாக இருந்தது. பாறை முனைகளிலிருந்து நூல்நூலாகத் தொங்கி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழ். சளி பிடித்த குழந்தையின் மூக்கு என்று எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் திட்டுவீர்கள். ஆனால் அதைவிடச் சரியான அடையாளம் கிடையாது. எனக்கோ டயாட்டம் என்ற ஒரு சொல்தான் தெரியும். டயாட்டம் என்றால் சிலிக்கா, சிலிக்கா என்றால் தண்ணீர். தண்ணீரை வடிகட்டும் ஆர்ஓ கருவியில், மிஞ்சிய உப்பைப் பிடிக்கும் டிஐ பிசின் தீர்ந்திருக்கும் என்று புதிதாக மாற்றினேன். (கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினாலும் சிலிக்கா கசியலாம், அது உண்மை. சிலிக்கா தண்ணீரில் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கரைந்திருப்பதால் மீட்டருக்கு அது தெரியாது. பிசின் களைக்கும்போது முதலில் நழுவுவதும் அதுதான். ஆனால் என் பிரச்சினை அது இல்லை.) பிறகு ஒரு கடையில் ‘பாசிக்குச் சாப்பாடே பாஸ்பேட்தான்’ என்று பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளை விற்றார்கள். அதைப் போட்டேன். மீனுக்குத் தீனியைப் பாதியாக்கினேன். வாரம் 30 லிட்டர் தண்ணீர் மாற்றினேன். சுத்தம் செய்த மூன்றாம் நாள் முன்னைவிடத் தடிப்பாக வந்து நின்றது.

ஒரு துப்பு என் கண்முன்னே தினமும் இருந்தது. நான் பேருந்து ஓட்டுநர். இரவுப் பணி முடிந்து வீடு சேரும்போது மணி ஒன்றேகால். தொட்டி விளக்கு பத்துக்கே அணைந்திருக்கும். குளித்துவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மணல் ஏறக்குறைய வெள்ளை. அப்பாடா, குறைகிறது என்று படுப்பேன். மறுநாள் பகல் ஒரு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மறுபடியும் நூலும் குமிழும். ராத்திரி எங்கே போய்விட்டுப் பகலில் வருகிறது என்று கேட்க எனக்கு ஒரு மாதம் தோன்றவே இல்லை. அதற்குள் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. நிமிர்த்தி வைத்தேன், மறுபடி விழுந்தன. நான்காவது நத்தையை வெளியே எடுத்த அன்று ராத்திரிதான் நுண்ணோக்கிக்குப் பணம் கட்டினேன்.

இனி கருவி. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணிமை மயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. எடுக்கும் முறை முக்கியம். விளக்கு எரிய ஆரம்பித்து நாலைந்து மணி நேரம் கழித்து, நூல் தடித்திருக்கும்போது, பிப்பெட்டால் ஒரு துண்டு சளியை உறிஞ்சுங்கள். ஸ்லைடில் ஒரே ஒரு சொட்டு. கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள், இல்லாவிட்டால் குமிழ் மாட்டிக்கொள்ளும். முதலில் 4 மடங்கு லென்ஸில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு 10-க்குப் போங்கள். கண் லென்ஸின் பத்தோடு பெருக்கினால் 100 மடங்கு. ஆளை அடையாளம் காண அதுவே போதும்.

இரண்டாம் நாள் அந்த 100 மடங்கில் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் முத்துமுத்தாக உயிர்கள். ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் உருண்டையாக, எள்ளு விதை மாதிரி. எல்லாம் அசைந்தன. ஆனால் நேராக எங்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத முளையில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி போல, ஒவ்வொன்றும் தன் கூர்முனையை மையமாக வைத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று நிற்கும், நடுங்கும், பிறகு எதிர்ப்பக்கம் சுற்றும். விளக்கைக் கொஞ்சம் குறைத்ததும் அவற்றைக் கட்டியிருந்த சளி நூல்கூட மங்கலாகத் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, “அப்பா, இது உயிரோட இருக்குப்பா!” என்றாள். தெரியும்மா, அதுதான் பிரச்சினை என்றேன்.

டயாட்டம் இப்படிச் சுற்றாது. அது படகு போல, ஊசி போல, கோடு கிழித்த கண்ணாடிப் பெட்டி போல இருக்கும். நகர்ந்தாலும் தண்டவாளத்தில் போவதுபோல ஊரும். சயனோ (நீலப்பச்சை பாக்டீரியா) என்றால் மணியைக் கோத்தது போன்ற இழைகள். தொட்டியில் அது பாயாக உரிந்து வரும். நான் பார்த்தது டைனோஃபிளாஜலேட் என்ற ஒற்றைச் செல் உயிர், சுருக்கமாக டைனோ. துளி வடிவமும் கட்டிப்போட்ட சுழற்சியும் அதில் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற வகைக்கு உரியவை. அது இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் மிதக்கப் போய்விடும். என் ஒன்றேகால் மணி வெள்ளை மணலின் ரகசியம் அவ்வளவுதான். (வேடிக்கை என்னவென்றால், பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவதும் டைனோஃபிளாஜலேட் குலத்தில் பிறந்ததுதான். ஒரே குடும்பம், பிள்ளைகள் வேறுவேறு.)

நத்தைகள் செத்ததும் அப்போது புரிந்தது. ஆஸ்ட்ரியோப்சிஸ் நஞ்சு வைத்திருக்கும் இனம். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்தே ஏறக்குறைய 200 பேர் காய்ச்சல், இருமல் என்று மருத்துவமனைக்குப் போனார்கள். தொட்டிப் பாறையை வெளியே எடுத்து வெந்நீர் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள். நான் அன்றிலிருந்து கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடுவதில்லை.

பிறகு நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்தேன். இரண்டும் பூஜ்யம். அந்த இரும்புத் துகளுக்கும் பாதித் தீனிக்கும் நானே போட்ட கூலி. சத்தே இல்லாத தண்ணீரில் மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்க, டைனோ மட்டும் வெளிச்சத்திலும் பிழைத்து, பாக்டீரியாவையும் தின்று, காலி மனையில் கொட்டகை போட்டுவிடும். அதனால் செய்தது எல்லாம் தலைகீழ். இரும்புத் துகளை எடுத்தேன். தீனியைப் பழையபடி ஆக்கினேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து லிட்டருக்கு 8 மில்லிகிராம், 0.08 மில்லிகிராம் என்ற அளவில் நிறுத்தினேன். 11 வாட் யூவி (புற ஊதா) விளக்கு ஒன்றை வாங்கி, மீன் இருக்கும் தொட்டியிலிருந்தே தண்ணீரை இழுத்து அங்கேயே திருப்பி விடும்படி, மெதுவான ஓட்டத்தில் வைத்தேன். ராத்திரி மிதக்கப் போனவர்கள் அந்தக் குழாய் வழியாகத்தானே போக வேண்டும். மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினேன். நஞ்சுக்காகக் கரித்துகள் ஒரு பை. பன்னிரண்டாம் நாள் ஸ்லைடில் ஒன்றிரண்டு பேர்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதில் நுண்ணோக்கிக்கு என்ன பங்கு என்று கேட்டால், எங்கள் டிப்போவில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கும் தொட்டி, அவருக்கும் பழுப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு யூவி வாங்கக் கிளம்பினார். இரு அண்ணே, ஒரு பாட்டிலில் கொண்டு வா என்றேன். அவர் மணலில் இருந்தவை தட்டையாக, நீள்வட்டமாக, ஒரு முனையில் குட்டித் தலை வைத்துக்கொண்டு, கட்டுக்காவல் இல்லாமல் அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டு திரிந்தன. ஆம்ஃபிடினியம், இன்னொரு வகை டைனோ. அது ராத்திரியும் மணலைவிட்டு எழும்பாது. யூவி வைத்தால் மின்கட்டணம்தான் ஏறும். அதற்கு வேறு வழி: சத்தை ஏற்றி, சோடியம் சிலிக்கேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வேண்டுமென்றே டயாட்டத்தை வளர்த்துப் போட்டிக்கு விடுவது. அண்ணன் ஐந்து வாரமாகச் செய்கிறார். குறைந்திருக்கிறது, போகவில்லை.

குறைகள். கைப்பேசிக் கவ்வி படு மோசம், அரை நிமிடத்தில் சரிகிறது. கையால் பிடித்துத்தான் காணொளி எடுத்தேன். பெட்டியில் ‘1000 மடங்கு’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். 25 மடங்கு கண் லென்ஸைப் போட்டால் உருவம் பெரிதாகும், மங்கலும் கூடவே பெரிதாகும். 400-க்கு மேல் புதிதாக ஒன்றும் தெரியாது. நான் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஸ்லைடை நகர்த்தத் திருகு கிடையாது, விரலால்தான் தள்ள வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினால் ஆள் காணாமல் போகிறார். 40 மடங்கு லென்ஸ் ஸ்லைடுக்கு வெகு அருகில் வரும், அதில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மெல்லிய தாளால் உடனே துடையுங்கள். என் கருவியில் ஸ்லைடைப் பிடிக்கும் கவ்விக் கம்பிகளில் இரண்டே மாதத்தில் துரு. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். கடல்நீர் உத்தரவாதத்தில் சேராது என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான்.

62 வெள்ளியும் செலவழிக்க மனம் இல்லையா? கோப்பி வடிகட்டும் தாள் போதும். சளியைக் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கி, தாளில் வடிகட்டி, வடிந்த தெளிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அதற்குள் மறுபடியும் நூல்நூலாகக் கூடிக்கொண்டால் பெரும்பாலும் டைனோ. ஆனால் எந்த டைனோ என்று தாள் சொல்லாது.

போன வாரம் மணலில் மறுபடியும் பழுப்பு. மனைவி எழுப்பி வைத்திருந்த பயத்தோடு இரவுப் பணி முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் டார்ச் அடித்தேன். மணி ஒன்றேகால். பழுப்பு அங்கேயே இருந்தது, ஒரு இடமும் வெளுக்கவில்லை. ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். படகு படகாக, கண்ணாடி ஓட்டோடு, ஒன்றும் சுற்றவில்லை. உள்ளே இருந்து தூக்கக் குரலில் மனைவி கேட்டார், “என்னங்க, என்ன அது?”

“மைலோதான், தூங்கு.”